ஒரு டார்ச்சுக்கு எட்டாயிரம் ரூபாயா?

பெட்டிக்கடையில் தொங்கும் பிளாஸ்டிக் டார்ச் முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைபேசியில் ஒன்று காசில்லாமலே இருக்கிறது. அப்படியிருக்க, அலுமினியத்தில் கடைந்தெடுத்த உடலும் ஐந்தாறு வெளிச்ச நிலைகளும் கொண்ட எல்.இ.டி. டார்ச் ஒன்றுக்கு ஆறாயிரம், எட்டாயிரம், சில சமயம் பதினைந்தாயிரம் கொடுப்பதில் நியாயம் உண்டா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் கையில் பிடிக்கும் மின்விளக்கு வந்த நாளிலிருந்தே இது வெவ்வேறு உருவில் கேட்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு காலமும் தன் கையில் இருந்த செல்லுக்கும் பல்புக்கும் ஏற்ற விடையைச் சொன்னது. செல்லும் பல்பும் மாறிப்போயின. விடைகள் மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைய குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருவதாகத் தோன்றுகிறது.

மின்னி அணைந்த விளக்கு

டேவிட் மிசெல் என்பவர் வடிவமைத்த கைவிளக்குக்கு 1899 ஜனவரி 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைத் தயாரித்து விற்றது கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம்; பிற்பாடு எவரெடி என்று உலகம் அறிந்த பெயர் அங்கிருந்து வந்ததுதான். குழாய்க்குள் வரிசையாகச் செல்கள், முனையில் கரியிழை பல்பு. தொடர்ந்து எரியவிட்டால் செல் தளர்ந்துவிடும். அதனால் ஒரு கணம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மின்னி மறைவதைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே சேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

பின்னால் டங்ஸ்டன் இழை வந்தது, செல்களும் தேறின. வெளிச்சம் வேண்டுமானால் செல்லைக் கூட்டு என்பது அந்தக் காலத்துச் சூத்திரம். நம் ஊர்களில் பேட்டரி லைட்டை 'ரெண்டு கட்டை', 'மூணு கட்டை' என்று அளந்ததும், ஐந்து கட்டை வைத்திருந்தவருக்குத் தனி மரியாதை இருந்ததும் இதன் விளைவுகள். விலை கூடினால் நீளம் கூடும். நீளம் கூடினால் வெளிச்சம் கூடும். அந்த அளவுகோல் இப்போது செத்துவிட்டது. விரல் பருமனுள்ள ஒரே ஒரு லித்தியம் செல்லில் ஓடும் இன்றைய டார்ச், பழைய ஐந்து கட்டையை வெட்கப்பட வைக்கும்.

டார்ச்சுக்கு டார்ச்: சிக்கனக்காரர் வாதம்

'எரிந்தால் போதும், இதற்கெதற்கு இவ்வளவு பணம்' என்ற நிலைப்பாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. பல்பு யுகத்தில் அது முழுக்கச் சரியாகவே இருந்தது. பித்தளை உடலோ தகர உடலோ, உள்ளே போவது அதே செல், அதே பல்பு. விளக்கின் உண்மையான செலவு மாதாமாதம் வாங்கிப் போட்ட செல்லில்தான் இருந்தது.

இன்று இந்த வாதத்தின் வலுவான வடிவம் கைபேசி. மின்தடையில் மெழுகுவத்தி தேடவும், பூட்டில் சாவித் துவாரம் காணவும், கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரையை எடுக்கவும் அது தாராளம். டார்ச் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்து அடுக்குமாடியில் வாழும் ஒருவருக்கு ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் இதற்கு மேல் தேவை எழுவதில்லை.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கைபேசியின் ஒளி குவிவதில்லை. பத்தடிக்கு அப்பால் கரைந்துவிடும். மழையில் நீட்டிப் பிடிக்க மனம் வராது. மின்சாரம் நாள்கணக்கில் போய்விடும் புயல் நேரத்தில், உதவிக்கு அழைக்க வேண்டிய சார்ஜை வெளிச்சத்துக்குச் செலவழிக்க வேண்டிவரும். மலிவு விலை சார்ஜ் டார்ச்சிலும் ஒரு குறை உண்டு. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது சிறிய ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் அலமாரியில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் செருகினாலும் தேறாது. புயலுக்கென்று எடுத்து வைத்த விளக்கு புயலன்று எரியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கருவியாக டார்ச்

'நல்ல டார்ச்சுக்கு நல்ல விலை' என்ற எண்ணம் தொழில்முறை ஆட்களிடமிருந்து வந்தது. ஆந்தனி மாக்லிக்கா 1979-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாக்லைட், அலுமினியத்தில் கடைந்த உடலோடு காவலர்களின் இடுப்பில் இடம்பிடித்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஷ்யூர்ஃபயர் என்ற நிறுவனம் அதே சந்தையை வேறு திசையில் நகர்த்தியது: உள்ளங்கை நீளம், கேமராவுக்கான லித்தியம் செல்கள், குறுகிய நேரம் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். இவை விற்றது வெளிச்சத்தை மட்டுமல்ல. தேவைப்படும் நேரத்தில் கட்டாயம் எரியும் என்ற உறுதியையும் விற்றன. இழைகள் கச்சிதமாக ஓடும் மரை, நீர் புகாத ரப்பர் வளையம், தங்க முலாம் பூசிய தொடுமுனை எல்லாம் அந்த உறுதிக்கான செலவு.

இந்த நிலைப்பாட்டின் குறை, அது பேசும் ஆள் யார் என்பதில் இருக்கிறது. தீயணைப்பு வீரருக்கும் சுரங்கத்தில் இறங்குபவருக்கும் விளக்கு அணைந்தால் உயிர் போகலாம். மற்றவர்களுக்கு அதே உறுதியை இரண்டு நடுத்தர டார்ச்சுகளை வைத்துக்கொள்வதன் மூலம் பெற்றுவிட முடியும். ஒன்று போனால் இன்னொன்று. எத்தனை கனமான அலுமினியமும் இந்தக் கணக்கை வெல்வது கடினம்.

லுமென் பந்தயம்

நிக் ஹோலோன்யாக் 1962-ல் சிவப்பு எல்.இ.டி.யைக் காட்டினார். நீலம் வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1993-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை எட்டினார், இந்த நீலத்துக்காக அகாசாக்கி, அமானோ இருவரோடு சேர்ந்து 2014-ல் நோபல் பெற்றார். நீலச் சில்லின் மீது மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை. அந்த வெள்ளை டார்ச்சுக்குள் நுழைந்ததும் தொடங்கியது எண்களின் பந்தயம், மொத்த ஒளியை அளக்கும் லுமென் கணக்கில்: நூறு லுமென், ஆயிரம், பத்தாயிரம். இணையக் கடைகளில் சில லட்சம் லுமென் என்று எழுதி அறுநூறு ரூபாய்க்கு விற்பதும் நடக்கிறது.

பந்தயத்துக்குக் கடிவாளமாக 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்ற தரநிலை வந்தது. பெட்டியில் சின்னச் சின்னப் படங்களாக அச்சிட்டிருப்பது அதுதான். அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது. '1000 லுமென், 3 மணி நேரம்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லுமென் மூன்று மணி நேரம் எரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தரநிலை சொல்வது வேறு. வெளிச்சத்தின் அளவு சுவிட்ச் போட்ட அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடத்துக்குள் எடுக்கப்படுகிறது. ஓடும் நேரமோ, வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்காக விழும்வரை எண்ணப்படுகிறது. இரண்டாவது நிமிடம் கழிந்ததும் முந்நூறு லுமெனுக்கு இறங்கி, அதிலேயே மூன்று மணி நேரம் ஓடும் டார்ச்சும் அதே வாசகத்தைப் பொய்யில்லாமல் அச்சிடலாம். பலவும் அப்படித்தான் அச்சிடுகின்றன.

இறங்குவது ஏமாற்று அல்ல, இயற்பியல். எல்.இ.டி.க்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகிறது. பழைய பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்பாக முன்னால் வீசிவிடும், எல்.இ.டி.யின் வெப்பமோ சில்லின் அடியில் தேங்கி உடலுக்குள் இறங்குகிறது. பத்து வாட் ஓடும் சின்ன டார்ச், ஐந்து நிமிடத்தில் உள்ளங்கையைச் சுட ஆரம்பிக்கும். உடனே உள்ளிருக்கும் சுற்று தானாகக் குறைத்துக்கொள்ளும். சோதனைகள் சாதாரண அறை வெப்பநிலையில் நடக்கின்றன. வேலூரின் மே மாத இரவில் இந்த இறக்கம் இன்னும் சீக்கிரம் வரும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

தூரத்தின் கணக்கும் அதிகம் பேசப்படாதது. ஒளி கால் லக்ஸாக, அதாவது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சமாக, விழும் இடத்தையே எஃப்.எல்.1 எல்லையாகக் கொள்கிறது. ஒளிக்கற்றையின் செறிவு பத்தாயிரம் காண்டெலா உள்ள டார்ச்சுக்கு அது 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமானால் இருபதாயிரம் போதாது, நாற்பதாயிரம் வேண்டும். அந்த 200 மீட்டரில் நிற்பது மாடா மரமா என்று அடையாளம் காண்பதும் வேறு விஷயம். அதற்குப் பாதித் தூரத்தைக் கணக்கில் வைப்பதே வழக்கம்.

படிகளின் வாதம்

இந்தத் துறையில் உண்மையிலேயே புதிதாக நிகழ்ந்தது வெளிச்ச நிலைகள்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதை விளம்பரங்கள் ஓரத்தில் போட்டுவிட்டன.

டங்ஸ்டன் பல்பைப் பயனுள்ள வகையில் மங்கச் செய்ய முடியாது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் சரியும், ஒளி செம்மையேறும், மிச்சமாகும் மின்சாரமோ சொற்பம். எல்.இ.டி. இதற்கு நேர் எதிர். குறைந்த மின்னோட்டத்தில் அது இன்னும் திறமையாக வேலை செய்யும். எனவே முதல்முறையாக 'கொஞ்சம் போதும்' என்று சொல்வதற்குப் பலன் கிடைத்தது. 18650 எனப்படும் செல்லை எடுத்துக்கொள்வோம்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், நல்லதாக இருந்தால் 3500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது சுமார் 12 வாட் மணி. ஒரு வாட்டுக்கு நூறு லுமென் என்று வைத்தால், ஆயிரம் லுமெனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நூறு லுமெனில் ஓர் இரவு முழுக்க. பத்து லுமெனில் கிட்டத்தட்ட ஐந்து நாள். அதே செல், அதே விலை. புயலுக்குப் பிறகு மின்சாரம் வராத வாரத்தில், கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்த பத்து லுமென் டார்ச் ஒரு சமையலறைக்குப் போதும்.

தாழ்ந்த நிலைக்கு இன்னொரு காரணம் கண். இருட்டுக்கு முழுதாகப் பழக அதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். ஒரு நொடி பளீரென்று வெள்ளை அடித்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். நடுநிசியில் குழந்தைக்குப் பால் கலக்கவோ நோயாளியின் அருகே நடக்கவோ ஒரு லுமெனுக்கும் குறைவான 'நிலா' நிலை போதும். முந்நூறு ரூபாய் டார்ச் அதைத் தருவதில்லை. கைபேசியின் தாழ்ந்த அளவும் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலே.

ஆனால் நிலைகள் எத்தனை என்பது முக்கியமல்ல, எந்த இடைவெளியில் என்பதே முக்கியம். வெளிச்சம் இரட்டித்தால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரிவதில்லை. 1860-ல் ஃபெக்னர் இதை மடக்கை விதியாகச் சொன்னார். நூறாண்டு கழித்து ஸ்டீவன்ஸ் அடுக்கு விதியாகத் திருத்தினார். எப்படிக் கணக்கிட்டாலும், இருமடங்கு பிரகாசமாகத் தோன்ற நான்கு முதல் எட்டு மடங்கு ஒளி வேண்டியிருக்கிறது. 1, 10, 80, 400 என்று ஏறும் ஏணியில் ஒவ்வொரு படியும் காலுக்குத் தட்டுப்படும். 500, 700, 850, 1000 என்று நான்கு நிலைகள் கொண்ட டார்ச்சில் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கலாம், வித்தியாசம் தெரியாது. இரண்டையும் பெட்டி 'நான்கு நிலை' என்றே சொல்லும்.

எதிர்த்தரப்பு வலுவானது. அவசரத்தில் கைக்குத் தேவை ஒரே ஒரு சுவிட்ச்: போட்டால் எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். ஒருமுறை அழுத்தினால் தாழ்வு, நீள அழுத்தினால் உயர்வு, மும்முறை அழுத்தினால் சிமிட்டல், நான்குமுறை அழுத்தினால் பூட்டு என்று போகும் ஏற்பாட்டை வயதான அம்மாவிடம் கொடுத்தால் அது அலமாரிக்குத்தான் போகும். ஆண்டுரில் என்ற திறந்தமூல மென்பொருளில் ஓடும் டார்ச்சுகளின் கையேட்டுக்கு விளக்கப்படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றை விரும்புகிறவர்களுக்கு அது சொர்க்கம். வீட்டில் மற்ற நால்வருக்கும் அது வேலைக்காகாது. நிலைகளின் மதிப்பு டார்ச்சின் விலையில் இல்லை, அதை எடுக்கப்போகும் கைகளில் இருக்கிறது என்று இந்தத் தரப்பு சொல்வதில் உண்மை உண்டு. கடைசியாக வைத்த நிலையை நினைவில் கொள்ளும் இரண்டு மூன்று படிகள் போதும் என்பது இடைவழி.

நிலையை அறிவிப்பதுபோலவே அதைத் தக்கவைப்பதும் செலவு பிடிக்கும் விஷயம். மலிவு டார்ச்சில் செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். நல்ல சுற்று கடைசிவரை ஒரே அளவில் வைத்திருக்கும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய விளக்கு மஞ்சளடித்து 'செல் மாற்று' என்று சொல்லிவிட்டுத்தான் சாகும். சமமாக எரியும் விளக்கு சொல்லாமல் போய்விடக்கூடும். ஆகவே தரமானவற்றில் எச்சரிக்கை விளக்கோ, படிப்படியான கடைசி இறக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறமும் பாம்பும்

அண்மைக்காலத்தில் வலுத்திருக்கும் இன்னொரு தரப்பு, அளவைவிட ஒளியின் தன்மையே பெரிது என்கிறது. நீலம் தூக்கலான 6500 கெல்வின் வெள்ளையில் சருகும் மண்ணும் ஒரே சாம்பலாகத் தெரியும். சிவப்பையும் பழுப்பையும் பிரித்துக்காட்டும் சில்லுகள் அதே மின்சாரத்தில் சற்றுக் குறைவான லுமெனே தரும்; பந்தயத்தில் தோற்கும்.

இது வெறும் ரசனைப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு 2024-ல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுவிரியன் இரவில் உலவுவது. கண்ணாடி விரியன் சருகு நிறத்தில் சருகோடு கிடப்பது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் மோட்டார் போட வரப்பில் நடக்கும் விவசாயிக்கு நிறம் பிரியும் ஒளி உதவக்கூடும் என்ற ஊகம் அர்த்தமுள்ளது.

எனினும் அதே விவசாயியின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு கணக்கும் தெரிகிறது. காலடியில் ஐம்பது, நூறு லுமென் பரவலாக விழுந்தால் போதும். அது எல்லா இரவும், வெளியே இறங்கும் எல்லார் கையிலும் இருக்க வேண்டும். எட்டாயிரத்துக்கு ஒன்று வாங்கி, அது தொலைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைப்பதைவிட, வீட்டில் ஆளுக்கொன்று நடுத்தர விலையில் வாங்குவதில் உயிர் காக்கும் வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் சிக்கனக்காரர்தான் ஜெயிக்கிறார்.

நடுவில் வந்தவர்கள்

மேற்கண்ட வாதங்கள் எல்லாம் மலிவு, உயர்விலை என்று இரண்டே கரைகள் இருந்த காலத்தவை. கான்வாய், சோஃபிர்ன் போன்ற சீனத் தயாரிப்பாளர்கள் நடுவே மேடு போட்டுவிட்டார்கள். விலையுயர்ந்த டார்ச்சில் இருக்கும் அதே நிச்சியா, லூமினஸ் சில்லுகளை, ஒழுங்கான நிலை இடைவெளிகளோடு, மூன்றில் ஒரு பங்கு விலையில் தருகிறார்கள். மிச்சப் பணம் எதற்கு என்று கேட்டால், சுற்றின் நேர்த்தி, வெப்பத்தை வெளியேற்றும் உடலமைப்பு, தரச் சோதனை, உத்தரவாதம் என்று பட்டியல் வரும். இவை உண்மைதான். ஆனால் வாங்குகிறவர் கண்ணால் சோதித்துப் பார்க்க முடியாதவை. பெயரை நம்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

செல்லை மட்டும் கையாலேயே சோதிக்கலாம். 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதிய செல் எந்த விலைக்குக் கிடைத்தாலும் பொய். அந்த உருளைக்குள் இன்றைய வேதியியலில் அதில் பாதிகூட அடங்காது. நல்ல செல் நாற்பத்தைந்து கிராமை ஒட்டி எடை காட்டும். கையில் வைத்தால் தக்கையாக இருந்தால் சந்தேகப்படலாம்.

தீராத கணக்குகள்

வெளிச்சம் இறங்கும் வரைபடத்தைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லும் கட்டாயம் வாங்குகிறவர் பக்கம் இன்னும் வரவில்லை. நேர்மையான சில நிறுவனங்கள் கையேட்டில் தருகின்றன, அவ்வளவே. சாதாரணக் குடும்பத்துக்கு எத்தனை நிலைகள் போதும் என்பதில் வாதங்கள் உண்டு, ஒத்த முடிவு இல்லை. நம் வெயிலுக்கு ஏற்ற அளவீடும் பெட்டிகளில் இல்லை. இப்போதைக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாரத்தில் பல இரவுகள் விளக்கோடு வேலை செய்பவர், ஒரே விளக்கில் மிகத் தாழ்ந்த ஒளியும் தூரம் பாயும் ஒளியும் தேவைப்படுபவர், அதைத் தானே பராமரிப்பவர் ஆகியோருக்கு உயர்விலை டார்ச் செலவை ஈடு செய்யக்கூடும். ஆயிரம் லுமெனைத் தாண்டிய உச்ச எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கிறவருக்கு அது இரண்டு நிமிட இன்பம்.

ஆயுள் பற்றிய கேள்வியும் பாக்கி இருக்கிறது. எல்.இ.டி. 50,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் எரித்தால் 137 ஆண்டு. அதற்கு வெகுமுன்னே செல் தளரும், சார்ஜ் துளையில் பச்சை பூக்கும், ரப்பர் பொத்தான் கிழியும். செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய டார்ச்சுக்கு மறுபிறவி உண்டு. சார்ஜ் வசதியோடு செல்லை உள்ளேயே அடைத்து, தலையைப் பசை போட்டு ஒட்டிய டார்ச்சுக்கு? பித்தளை டார்ச்சின் சுவிட்சைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு ஐந்து ரூபாய் வாங்கிய கடைக்காரரிடம் அதைத் திறக்க வழியில்லை.